எட்டுப் பேர் என்றால் எட்டு உறவு: புதுக் குழுத் தலைவருக்கும் புதிதாகச் சேர்ந்தவருக்கும்

குழுத் தலைவராகப் பொறுப்பேற்றதும் பலருக்கும் முதலில் வரும் யோசனை, 'கறாராக இருப்பதா, தன்மையாக இருப்பதா?' என்பதுதான். கேள்வியிலேயே பிசகு இருக்கிறது. எட்டுப் பேர் உள்ள குழுவில் எந்தத் தலைவரும் எட்டுப் பேரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. நடந்துகொள்வதாக நினைத்துக்கொள்வார், அவ்வளவுதான். ஒருவரிடம் "நீங்களே பாத்து முடிச்சிடுங்க" என்று விட்டுவிட்டுப் போவார். அதே வேலைக்கு இன்னொருவர் மேசைக்கு நான்கு தடவை போய் நிற்பார். வீட்டுக்குப் போனதும் முதலாமவர் 'நல்ல மேலாளர்' என்பார், இரண்டாமவர் 'நச்சரிப்பு' என்பார். இருவரும் சொல்வது உண்மை. ஆள் ஒருவர்தான், உறவு இரண்டு.

இதை ஆய்வாக முன்வைத்தவர்கள் பிரெட் டான்சரோ, ஜார்ஜ் கிரேன், வில்லியம் ஹாகா என்ற மூவர், 1975-இல். அதுவரை ஒரு தலைவருக்கு ஒரு பாணி என்று வைத்துக்கொண்டு குழுவின் சராசரியைத்தான் பார்த்துவந்தார்கள். இவர்கள் தலைவரையும் உறுப்பினரையும் சோடி சோடியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரே தலைவரின் கீழே சிலர் உள்வட்டத்திலும் சிலர் வெளிவட்டத்திலும் இருப்பது தெரிந்தது. உள்வட்டத்தாருக்குத் தகவலும் சுதந்திரமும் தலைவரின் நேரமும் கிடைத்தன. அவர்கள் வேலை ஒப்பந்தத்தில் எழுதியதைத் தாண்டியும் உழைத்தார்கள். வெளிவட்டத்தாருக்கு விதிமுறை, வேலைநேரம், சம்பளம் என்ற கணக்கோடு சரி. இந்தக் கருத்துதான் பின்னாளில் 'தலைவர்–உறுப்பினர் பரிமாற்றம்' (ஆங்கிலத்தில் Leader–Member Exchange), சுருக்கமாக எல்எம்எக்ஸ் என்று வளர்ந்தது. பரிமாற்றம் என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே உறவு என்பது மனசுக்குள் இருக்கும் பாசம் மட்டும் இல்லை. யார் யாருக்கு எதைக் கொடுத்தார், பதிலுக்கு என்ன வந்தது என்ற கொடுக்கல் வாங்கல். அதனால்தான் அதைத் திருத்தவும் முடிகிறது.

கொடுக்கல் வாங்கல் நடக்கும் சரக்கு நான்கு வகை என்று 1998-இல் லிடன், மாஸ்லின் ஆகியோர் பிரித்தார்கள்: ஒருவரை ஒருவர் பிடித்திருப்பது, பிறர் முன்னால் விட்டுக்கொடுக்காமல் இருப்பது, வேலையில் போடும் பங்கு, தொழில் திறமை மேல் இருக்கும் மதிப்பு. நான்கும் சேர்ந்தேதான் இருக்க வேண்டும் என்று இல்லை. சுத்தமாக ஒத்துப்போகாத சுபாவம் கொண்ட இருவர், தொழில் மதிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அருமையாக வேலை செய்வதுண்டு. 'எனக்கும் அவருக்கும் ஒத்துவராது' என்று முதல் மாதமே கைகழுவுபவர்கள் நான்கில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள்.

முதல் வேலை: ஒரு தாள், ஐந்து கட்டம்

இது தலைவருக்கு. தனியாக உட்கார்ந்து செய்யுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம். இடப்பக்கம் குழுவில் உள்ள எல்லோர் பெயரையும் எழுதுங்கள். எதிரே கடந்த 4 வாரத்துக்கு ஐந்து எண்ணிக்கை:

1. இவரோடு தனியாக 15 நிமிடத்துக்கு மேல் எத்தனை தடவை பேசினேன்?
2. இதுவரை செய்யாத புது வேலை எதையாவது கொடுத்தேனா?
3. இவர் சொன்ன யோசனை எத்தனை தடவை நடைமுறைக்கு வந்தது?
4. அலுவலகச் செய்தி எதையாவது இவர் என்னிடமிருந்து நேரடியாகத் தெரிந்துகொண்டாரா, பிறர் மூலமாகவா?
5. இவர் தவறைப் பிறர் முன்னால் சுட்டிக்காட்டினேனா?

ஞாபகத்திலிருந்து நிரப்பாதீர்கள். ஞாபகம் நமக்குச் சாதகமாகத்தான் பேசும். காலண்டரையும் அனுப்பிய செய்திகளையும் திறந்து வைத்துக்கொண்டு எண்ணுங்கள். பொதுவாக இரண்டு மூன்று பெயர்களுக்கு எதிரே கட்டங்கள் நிரம்பி வழியும். ஓரிருவர் வரிசை ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். அந்த வெற்று வரிசைக்காரர் மோசமான ஊழியராக இருக்க வேண்டிய அவசியமில்லை. தூரத்து மேசையிலோ வேறு ஷிஃப்டிலோ இருப்பார், வீட்டிலிருந்து வேலை செய்வார், இல்லையென்றால் வாயைத் திறந்து எதையும் கேட்காதவராக இருப்பார். எதிரே தென்படுகிறவரிடம்தான் வேலை போய்ச் சேரும். வேலை கிடைத்தவர்தான் திறமையைக் காட்டுவார். காட்டியவருக்கே அடுத்த வேலையும். உள்வட்டம் உருவாவதில் பாதி இந்தச் சுழற்சிதான், ஓரவஞ்சனை வேண்டுமென்றே நடப்பது குறைவு.

தமிழில் பேசும் குழுவாக இருந்தால் ஆறாவதாக ஒன்று: யாரை 'நீங்க' என்கிறேன், யாரை 'நீ, வா, போ' என்கிறேன்? வயதும் பழக்கமும் காரணமாக இருக்கலாம். ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள் அதை வட்டம் பிரிக்கும் கோடாகத்தான் கேட்கிறார்கள். சிலருக்கு 'நீ' நெருக்கம், சிலருக்கு அலட்சியம். எல்லோருக்கும் 'நீங்க' என்று வைத்துக்கொண்டால் ஒரு தொல்லை ஒழியும்.

முதல் 5 நாள்

புதியவர் சேர்ந்த முதல் ஐந்து நாட்களை அவசர அவசரமாகக் கழிக்காதீர்கள். 1993-இல் லிடன், வெய்ன், ஸ்டில்வெல் மூவரும் வெளியிட்ட ஆய்வில், முதல் 5 நாட்களில் தலைவரும் உறுப்பினரும் ஒருவரிடம் ஒருவர் வைத்த எதிர்பார்ப்பு, 2 வாரம் கழித்தும் 6 வாரம் கழித்தும் உறவின் தரம் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே காட்டிவிட்டது. இன்னும் சங்கடமான விஷயம் ஒன்றும் அதில் உண்டு. உறவைத் தீர்மானிப்பதில் தலைவர் கொடுத்த வேலைத்திறன் மதிப்பீட்டைவிட, 'பிடித்திருக்கிறது', 'நம்மைப் போலவே இருக்கிறார்' என்ற எண்ணங்களுக்கே வலு அதிகமாகத் தெரிந்தது. வேலையைப் பார்க்கும் முன்பே முடிவு கட்டிவிடுகிறோம். பிறகு அந்த முடிவுக்கு ஏற்றபடி வேலையைக் கொடுக்கிறோம்.

ஆகவே தலைவர் முதல் வாரத்தில் செய்ய வேண்டியது: இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் 30 நிமிடம், கதவைச் சாத்தி, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு பேச்சு. கம்பெனி வரலாறு வேண்டாம். கேட்க வேண்டியவை: இதற்கு முன் செய்த வேலையில் எது கைவந்தது, எதில் திணறினீர்கள்? எப்படிச் சொன்னால் வேலை சுலபமாகப் புரியும், எழுத்திலா, நேரிலா? வேலையில் எது எரிச்சலூட்டும்? ஆறு மாதத்தில் எதைக் கற்றுக்கொள்ள ஆசை? கேட்டதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நொடி மௌனம் வந்தால் பயந்துபோய் நீங்களே பதில் சொல்லி நிரப்பப் பார்ப்பீர்கள். நிரப்பாதீர்கள். நல்ல பதில் பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகே வரும்.

அதன்பின் உங்கள் பக்கத்தையும் சொல்லுங்கள். எந்த நேரத்தில் குறுக்கிடலாம், எதற்கு உடனே கூப்பிட வேண்டும், எதைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வரும். 'தாமதம் ஆனாப் பரவாயில்ல, ஆகப்போகுதுன்னு முன்னாடியே சொல்லலைன்னாதான் எனக்குக் கஷ்டம்' என்று முதல் வாரத்தில் சொன்னால் அது தகவல். இதையே மூன்றாம் மாதத்தில் சொன்னால் திட்டு.

புதியவரும் சும்மா காத்திருக்க வேண்டாம். மூன்று கேள்வியை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். முதல் மாத முடிவில் நான் எதை முடித்திருந்தால் 'பரவாயில்லை' என்பீர்கள்? எதை உங்களைக் கேட்காமல் செய்யலாம், எதைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்? உங்கள் மேலதிகாரி இப்போது உங்களிடம் எதைக் கேட்டு நெருக்குகிறார்? மூன்றாவதைப் பலர் கேட்கக் கூச்சப்படுவார்கள். ஆனால் தலைவரின் தலைவலி எதுவென்று தெரிந்தவருக்குத்தான் எந்த வேலையை முதலில் எடுப்பது என்று தெரியும்.

முதல் வேலையைக் கையில் கொடுப்பது

உறவு உண்மையில் தொடங்கும் இடம் இதுதான். பேச்சில் எல்லோரும் நல்லவர்கள். கிரேன், ஊல்-பீன் இருவரும் 1995-இல் எழுதியபடி உறவு மூன்று கட்டமாக நகர்கிறது: அந்நியர், அறிமுகமானவர், கூட்டாளி. அந்நியராக இருக்கும்போது சொன்னதைச் செய்வதோடு சரி. யாராவது ஒருவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும், மற்றவர் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த படி. முதலில் நீட்ட வேண்டியவர் தலைவர். அதிகாரமும் நேரமும் அவர் கையில்தான் இருக்கின்றன.

நீட்டும் அந்த முதல் வேலை 3 முதல் 5 நாளில் முடியக்கூடியதாக இருக்கட்டும். முடிந்தால் எல்லோர் கண்ணிலும் படவேண்டும், சொதப்பினால் யாருக்கும் பெரிய நஷ்டம் வரக்கூடாது. ஒரு மணி நேர எடுபிடி வேலை கொடுத்தால் எதுவும் தெரியாது. மூன்று மாதத் திட்டத்தைத் தூக்கித் தலையில் வைத்தால், தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் பெரும்பாலான உறவுகள் முதல் அடி வாங்குகின்றன. வழக்கமாக இப்படி நடக்கும்:

"அந்தப் புகார்ப் பட்டியலைக் கொஞ்சம் பாத்து ஒரு ரிப்போர்ட் மாதிரி பண்ணிக் குடுங்க."

"சரிங்க."

புதியவர் 14 பக்கம் எழுதிக்கொண்டு வெள்ளிக்கிழமை மாலை வருவார். தலைவருக்கு வேண்டியது ஒரு பக்கம், அதுவும் வெள்ளிக்கிழமை காலைக்குள். இவர் மனசில் 'சொன்னது புரியல', அவர் மனசில் 'என்ன வேணும்னே சொல்லல'. இருவரும் நேர்மையாக உழைத்துத்தான் இருக்கிறார்கள்.

அதே வேலையை இப்படியும் கொடுக்கலாம்:

"போன மூணு மாசத்துல வந்த புகார் எல்லாம் இதுல இருக்கு. எந்த அஞ்சு புகார் திரும்பத் திரும்ப வருதுன்னு எனக்குத் தெரியணும். ஒரு பக்கம் போதும். வெள்ளிக்கிழமை கூட்டத்துல இதை வச்சுத்தான் அடுத்து எதைச் சரிபண்றதுன்னு முடிவு எடுக்கப்போறோம், அதனால வியாழன் மூணு மணிக்குள்ள வேணும். சப்போர்ட் டீம்ல யாரை வேணும்னாலும் நேராப் போய்க் கேளுங்க, என் பேரைச் சொல்லிக்கலாம். வாடிக்கையாளரை மட்டும் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டே ஆகணும்னா முதல்ல எங்கிட்ட சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷம் உக்காந்து அதுவரைக்கும் கிடைச்சதைப் பாத்துடலாம்."

சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் இதில் என்ன வேண்டும், எவ்வளவு, ஏன், எப்போது, அதிகாரம் எதுவரை, நடுவில் எப்போது பார்ப்பது என்று ஆறும் இருக்கின்றன. புதியவர் தலையாட்டிவிட்டுப் போகாமல் திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டும்:

"அஞ்சு புகார், ஒரு பக்கம், வியாழன் மூணு மணி. 'திரும்பத் திரும்ப'ன்னா எண்ணிக்கையைப் பாக்கணுமா, இல்ல அதனால பணம் திருப்பிக் குடுத்ததைப் பாக்கணுமா?"

இந்தக் கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். தலைவர் அதுவரை யோசித்தே இருக்க மாட்டார். இரண்டு நாள் வேலை வீணாவதைத் தடுத்ததோடு, 'இவர் யோசிக்கிற ஆள்' என்ற கணக்கும் அந்த நொடியில் ஏறிவிடும். நல்ல உறுப்பினர் என்றால் தலையாட்டுபவர் என்று நினைக்கும் புதியவர்கள் இந்த வாய்ப்பைக் கோட்டைவிடுகிறார்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. ஒன்று, வேலை பாதியில் தள்ளாடும்போது தலைவர் அதைப் பிடுங்கித் தானே முடித்துவிடுவது. வேலை முடியும், ஆனால் 'நீ உதவாக்கரை' என்று வாயால் சொல்லாமல் சொன்னதாகிவிடும். பிடுங்காமல், எந்த இடத்தில் சிக்கியது என்று மட்டும் கேட்டு அந்த ஒரு முடிச்சை அவிழ்த்துக் கொடுங்கள். இரண்டு, முடித்துக்கொடுத்த பிறகு ஒரு சத்தமும் இல்லாமல் இருப்பது. கூட்டத்தில் அந்தத் தாளை வைத்து முடிவெடுத்திருப்பீர்கள். எழுதியவருக்கு அது தெரியாது. 24 மணி நேரத்துக்குள் என்ன பயன்பட்டது, எதை மாற்ற வேண்டியிருந்தது என்று இரண்டு வரியாவது சொல்லுங்கள். வெறும் 'சூப்பர்' எதையும் கற்றுத்தராது. மூன்று, இது புதியவர் தரப்பு: சிக்கலை மறைத்து வைத்துக் கெடு நாளில் கையை விரிப்பது. செவ்வாய்க்கிழமையே சொன்னால் அது பிரச்சினை. வியாழக்கிழமை சொன்னால் நம்பிக்கைத் துரோகம் மாதிரித் தெரியும், வேலை என்னவோ ஒன்றுதான்.

வாராந்திரத் தனிப்பேச்சு

ஆளுக்கு வாரம் 30 நிமிடம். பத்துப் பேர் இருந்தால் வாரம் 5 மணி நேரம் போகும். அது கட்டாது என்றால் பாதிப் பேரை ஒரு வாரம், மீதிப் பேரை மறுவாரம் பாருங்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே கால இடைவெளி இருக்கட்டும். முதல் 10 நிமிடம் உறுப்பினருடையது. அவர் கொண்டுவருவதுதான் பேச்சு. வேலை எங்கே நிற்கிறது என்ற விசாரணைக்கு வேறு நேரம் உண்டு. அதை இங்கே இழுத்தால் இரண்டே வாரத்தில் இது இன்னொரு ரிப்போர்ட் கூட்டமாகிவிடும். ஒத்திவைக்கலாம், ரத்து செய்யக்கூடாது. ஒத்திவைத்தாலும் புது நேரத்தை அதே செய்தியில் எழுதுங்கள். உள்வட்டக்காரர் சந்திப்பு எப்போதும் நடந்து, மற்றவர் சந்திப்பு மட்டும் 'அவசர வேலை'யில் அடிபடுகிறதா என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காலண்டரைப் புரட்டுங்கள்.

ஒத்துக்கொண்டதை ஒரே பொதுக் குறிப்பில் இருவரும் பார்க்கும்படி எழுதிவையுங்கள். தலைவர் ஒத்துக்கொண்டதும் அதில் இருக்க வேண்டும். 'மானிட்டர் கேட்டீங்க, நான் பேசுறேன்' என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் மறந்த தலைவர், உறுப்பினரின் தாமதத்தைப் பற்றிப் பேசும்போது அந்தப் பேச்சு எடுபடாது.

கீழே இருப்பவர் கையில் என்ன இருக்கிறது

நிறையவே இருக்கிறது, ஆனால் சரிபாதி இல்லை. இதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். 2012-இல் 247 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் அலசலில், உறவின் தரத்துக்குக் காரணமானவற்றில் தலைவரின் நடத்தை தொடர்பானவையே அதிகப் பங்கு வகித்தன. எனவே உறவு சரியில்லை என்றால் முழுப் பழியையும் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் பங்கை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள்.

கெட்ட செய்தியை எடுத்துப்போகும்போது நான்கு வாக்கியம் தயார் செய்துகொள்ளுங்கள்: என்ன ஆனது, யாருக்கு என்ன பாதிப்பு, இதுவரை நான் என்ன செய்தேன், உங்களிடமிருந்து என்ன வேண்டும். காரணத்தை முதலில் வைத்தால் சாக்குப்போக்காகக் கேட்கும். கேட்டால் சொல்லலாம்.

மறுத்துப் பேச வேண்டுமென்றால் முடிவெடுக்கும் முன் பேசுங்கள், இயன்றவரை தனியாக. "இது சரிவராதுங்க" என்பதைவிட "இப்படிப் போனா மாசக் கடைசில கணக்கு முடிக்கிற நேரத்துல ரெண்டு பேர் குறைவாங்க, அதை எப்படிச் சமாளிக்கலாம்?" என்பது கேட்கப்படும். முடிவான பிறகு, அது சட்டத்துக்கோ நேர்மைக்கோ விரோதமாக இல்லாதவரை, முழு மனசோடு செய்யுங்கள். காரிடாரில் போய்ப் 'நான் அப்பவே சொன்னேன்' என்பது உறவில் மிச்சம் இருந்ததையும் கரைத்துவிடும்.

கருத்து கேட்கும்போது 'நான் எப்படிப் பண்றேன்?' என்று கேட்காதீர்கள். 'நல்லாத்தான் பண்றீங்க' என்று வரும், கதை முடிந்தது. 'நேத்து அந்தக் கூட்டத்துல நான் பேசுனதுல எதைக் குறைச்சிருக்கலாம்?' என்று குறுகலாகக் கேளுங்கள். கேட்டதில் ஒன்றையாவது அடுத்த வாரம் மாற்றிக் காட்டுங்கள். காட்டிவிட்டுச் சொல்லவும் செய்யுங்கள். ஜால்ரா இதற்கு மாற்று இல்லை. பிடித்துப்போவதை அது கொஞ்சநாள் கூட்டும். தொழில் மதிப்பைக் கூட்டாது, சக ஊழியர்களிடம் இருந்ததையும் காலி செய்யும்.

அளந்து பார்ப்பது

உறவின் தரத்தை அளக்க அதிகம் புழங்கும் கருவி எல்எம்எக்ஸ்-7. ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆக மொத்தம் குறைந்தது 7, அதிகம் 35. கேள்விகளின் சாரம் இதுதான்: தலைவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியுமா? என் வேலைச் சிக்கலும் தேவையும் அவருக்குப் புரிகிறதா? என்னால் என்ன முடியும் என்பதை உணர்ந்திருக்கிறாரா? நான் சிக்கலில் இருந்தால் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி உதவுவாரா? தனக்கு நஷ்டம் வந்தாலும் என்னைக் காப்பாற்றுவாரா? அவர் இல்லாத இடத்தில் அவர் முடிவை நான் தாங்கிப் பேசுவேனா? மொத்தத்தில் எங்கள் வேலை உறவு எப்படி? 30-ம் அதற்கு மேலும் என்றால் மிக உயர்ந்தது, 25–29 உயர்ந்தது, 20–24 நடுத்தரம், 15–19 தாழ்ந்தது, 14-ம் அதற்குக் கீழும் மிகத் தாழ்ந்தது என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

மொத்த எண்ணைவிட ருசிகரமானது இடைவெளி. ஒரே உறவைப் பற்றித் தலைவரும் உறுப்பினரும் தனித்தனியாகக் கொடுக்கும் மதிப்பெண்கள் அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. 1997-இல் வந்த தொகுப்பாய்விலேயே இது தெரிந்துவிட்டது. 'எனக்கும் அவருக்கும் நல்ல புரிதல்' என்று தலைவர் 31 போட்ட இடத்தில் எதிர்த்தரப்பு 19 போட்டிருக்கலாம். அதிகாரம் உள்ளவரிடம் யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை என்பதால், தலைவர் தன் எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தாளைப் பெயர் எழுதி நிரப்பித் தரச் சொல்லிச் சுற்றுக்கு விடாதீர்கள். எல்லோரும் 30 போட்டுத் தருவார்கள், நீங்களும் நம்பிவிடுவீர்கள். தலைவர் தனக்காக ஒவ்வொருவர் இடத்திலும் உட்கார்ந்து நிரப்பிப் பார்த்து, எந்தக் கேள்வியில் பேனா தயங்கியது என்று குறித்துக்கொண்டால் போதும். அந்தத் தயக்கத்தை வைத்து அடுத்த தனிப்பேச்சில் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்.

கெட்டுப்போனதைச் சரிசெய்வது

கெடும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒருவர் ஏதோ ஒரு வேலையில் சறுக்குகிறார். தலைவர் கண்காணிப்பைக் கூட்டுகிறார். கண்காணிப்பை அவநம்பிக்கையாக எடுத்துக்கொண்டு அவர் ஒதுங்குகிறார், கேட்டால்தான் பேசுகிறார். 'ஈடுபாடே இல்லை' என்று தலைவர் பிடியை இன்னும் இறுக்குகிறார். இரண்டு மாதத்தில் நல்ல ஊழியர் ஒருவர் உண்மையிலேயே சுமாரான ஊழியராகிவிடுவார்; தலைவரோ 'நான் முதல்லயே கணிச்சேன்' என்பார்.

இந்தச் சுழலைத் தலைவர்தான் வெட்ட வேண்டும். முதலில், இரண்டு நிகழ்வை எழுதிக்கொள்ளுங்கள், குணத்தை அல்ல. 'பொறுப்பில்லாதவர்' என்பது குணம். '12-ஆம் தேதி கொடுக்க வேண்டியது 15-ஆம் தேதி வந்தது, இடையில் தகவல் இல்லை' என்பது நிகழ்வு. அடுத்து, அதில் உங்கள் பங்கு என்ன என்று நேர்மையாக ஒன்றைக் கண்டுபிடியுங்கள். பிறகு உட்கார்ந்து தொடங்குங்கள்:

"கொஞ்ச நாளா நம்ம ரெண்டு பேருக்கும் வேலை சரியா ஓடலைன்னு எனக்குத் தோணுது. நான் அடிக்கடி வந்து கேக்குறது உங்களுக்கு நெருக்கடியா இருக்கும்னு நினைக்கிறேன். உங்க பக்கத்துலேர்ந்து எப்படித் தெரியுது?"

பதில் 'அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க' என்றுதான் வரும். அதை நம்பி எழுந்துவிடாதீர்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி பேசலாம் என்று நேரம் குறியுங்கள். இரண்டாம் பேச்சில்தான் உண்மை வெளிவரும். அதில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்து, கண்காணிப்பை எவ்வளவு குறைப்பது, அவர் எப்போது தானாக வந்து சொல்வது என்று ஒத்துக்கொண்டு 6 வாரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு சறுக்கல் வந்தால் பழைய கணக்கைத் தூசுதட்டி எடுக்காதீர்கள். அப்படியும் தேறவில்லை என்றால், அது வேலைத்திறன் பிரச்சினையா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

கேவலமாகப் பேசுவது, மிரட்டுவது, பாலியல் சீண்டல், சாதி மத இழிவு ஆகியவற்றுக்கு இந்தப் பகுதி பொருந்தாது. அவற்றை 'உறவுச் சிக்கல்' என்று சொல்லிச் சமரசம் பேச உட்காராதீர்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் என்று எழுதிவைத்துப் புகார் வழியில் போங்கள்.

வித்தியாசம் இருக்கலாம், எதில்?

எல்லோரிடமும் ஒரே நெருக்கம் முடியாது, தேவையும் இல்லை. வேலையின் கடினம், தரும் சுதந்திரம், பழக்கித்தரச் செலவிடும் நேரம் ஆகியவை ஆளுக்கு ஆள் மாறலாம். மரியாதை, விடுப்பு விதி, வேலையைப் பாதிக்கும் தகவல், தவறு செய்தால் கிடைக்கும் விசாரணை, நல்ல வேலைக்கு முயலும் வாய்ப்பு ஆகியவை மாறக்கூடாது. சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: இவருக்கு ஏன் இதைக் கொடுத்தேன் என்பதை முழுக் குழு முன்னால் சொல்ல முடியுமா? 'போன திட்டத்தில் இந்தப் பகுதியை அவர்தான் செய்தார்' என்றால் சொல்லலாம். தொண்டையில் சிக்கினால் அது சலுகை.

உள்வட்டத்தில் இருப்பதும் சுகவாசம் இல்லை. நம்பிக்கையானவர் என்று எல்லாச் சுமையும் அவர் தலையில் இறங்கும். மறுக்கவும் அவரால் முடியாது. மாதம் ஒருமுறை அவரிடம் 'புதுசா வந்ததுக்காக எதை விட்டுடலாம்?' என்று கேளுங்கள். இன்னொன்று, நெருங்கியவர்கள் முரண்டு பேசுவதை நிறுத்திவிடுவார்கள். கூட்டத்தில் முதலில் வெளிவட்டத்தாரைப் பேசவிட்டு, உங்கள் கருத்தைக் கடைசியில் வைத்தால் இது கொஞ்சம் மட்டுப்படும்.

தலைவர் மாறும்போது

சோடிக் கணக்கு என்பதால் ஒருவர் மாறினால் உறவு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. பழைய தலைவரிடம் மூன்று ஆண்டு சேர்த்த நம்பிக்கை புதியவர் கணக்கில் வராது. ஒவ்வொரு உறுப்பினரும் தானே அரைப்பக்கக் குறிப்பு எழுதிக் கொடுப்பது நல்லது: இப்போது கையில் உள்ள வேலை, கேட்காமல் முடிவெடுக்க அனுமதி இருந்தவை, ஒத்துக்கொண்டு இன்னும் நிறைவேறாதவை. பழைய தலைவர் அதில் தகவல் சரிதான் என்று மட்டும் கையெழுத்திடட்டும். 'இவர் தங்கமான ஆள்', 'இவரிடம் கொஞ்சம் கவனம்' என்று காதில் போடும் வேலை வேண்டாம். புதிய தலைவரும் முதல் 6 வாரம் அப்படி எதையும் கேட்டு வாங்காமல், மேலே சொன்ன ஐந்து கட்டத் தாளை எல்லோருக்கும் வெறுமையாகவே வைத்துத் தொடங்கட்டும்.